தொடை எலும்பில் பெரிய இடைவெளி: எலும்பு வைப்பதற்கு முன்பே தீர்மானமாகும் விஷயங்கள்

தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலோ திருச்சியின் பெரிய தனியார் மருத்துவமனைகளிலோ எலும்பு முறிவுப் பிரிவில் நெடுநாள் படுத்திருப்பவரின் வீட்டார் மருத்துவரிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இடுப்புல இருந்து எலும்பு எடுத்து எப்பங்க வைப்பீங்க?" தொடை எலும்பில் நான்கு விரல், ஐந்து விரல் அகலத்துக்கு எலும்பே இல்லாமல் போன ஒருவருக்கு, அந்த இடத்தை நிரப்புவதே சிகிச்சை என்று நினைப்பது இயல்பு. உண்மையில் எலும்பு வைக்கும் அறுவை ஒரு நீண்ட தொடரின் பிற்பகுதியில் வருவது. வைத்த எலும்பு பிடிக்குமா என்பதில் பெரும்பகுதி அதற்கு வெகுமுன்பே, சில வேளைகளில் விபத்து நடந்த முதல் சில மணி நேரத்திலேயே, முடிவாகிவிடுகிறது. அந்தத் தொடர் எப்படிப்பட்டது, ஏன் அவ்வளவு காலம் பிடிக்கிறது, மருத்துவர் ஏன் இருக்கிற எலும்பையும் வெட்டி எடுக்கிறார் என்பவை நோயாளிக்கும் வீட்டாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தால், பாதியில் சிகிச்சையை விட்டுவிட்டுப் போவது ஓரளவாவது குறையும்.

தொடை எலும்பு உடலிலேயே நீளமானது. ஒருவருடைய உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அதன் நீளம். ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மூட்டில் விழும் விசை உடல் எடையைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு. அறுபது கிலோ எடையுள்ளவர் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் 150 கிலோவுக்குக் குறையாத பாரம் அங்கே இறங்குகிறது என்று பொருள். முறிந்த எலும்பில் போடும் ராடும் பிளேட்டும் இந்தப் பாரத்தைச் சில மாதங்களுக்குத்தான் தாங்கும். எலும்பு கூடாமல் இருக்க, நடை மட்டும் தொடர்ந்தால் எவ்வளவு நல்ல உலோகமும் ஒருநாள் களைத்து முறியும். ஆகவே பெரிய இடைவெளிக்கான சிகிச்சை எதுவாயினும், உலோகம் முறிவதற்குள் எலும்பு வளர்ந்துவிட வேண்டும் என்ற கெடுவுக்குள் நடக்கிறது.

சாதாரண முறிவில் எலும்பு தானே கூடும். முறிந்த இடத்தில் இரத்தம் உறைகிறது, அதற்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நுழைகின்றன, முதலில் மென்மையான இணைப்புத் திசுவும் பிறகு கடினமான எலும்பும் உருவாகின்றன. இந்த ஏற்பாட்டுக்கு ஓர் எல்லை உண்டு. எலும்பின் சுற்றளவில் பாதிக்கு மேல், நீளத்தில் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இழப்பு இருந்தால், அது தானாக நிரம்பும் என்று எதிர்பார்க்க முடியாது என்பது மருத்துவர்கள் பொதுவாகக் கொள்ளும் அளவு. நல்ல தசை சூழ்ந்த தொடையில் இதைவிடச் சற்றுப் பெரிய இடைவெளிகூட எப்போதாவது நிரம்பியதுண்டு; தோலுக்கு அடியிலேயே இருக்கும் கீழ்க்கால் எலும்பில் அந்தச் சலுகை இல்லை.

இவ்வளவு பெரிய இடைவெளி எப்படி உண்டாகிறது? கடுமையான விபத்தில் எலும்பின் ஒரு பகுதி நொறுங்கியோ தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே விழுந்தோ போவது ஒரு வழி. முறிவில் சீழ் பிடித்து, செத்த எலும்பை அறுவை மருத்துவர் அகற்றுவது இன்னொரு வழி. மூன்றாவது, எலும்புப் புற்றுநோய். முழங்காலை ஒட்டிய தொடை எலும்பின் கீழ்முனை, வளரிளம் பருவத்தில் வரும் ஆஸ்டியோசார்கோமா என்ற புற்றுக்கு மிக வழக்கமான இடம். காவிரி டெல்டாவில் எலும்பு மருத்துவருக்கு அன்றாடம் தலைவலியாக இருப்பவை முதல் இரண்டும்தான்.

சம்பா அறுவடைக் காலத்தில் தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையிலோ கும்பகோணம்–மயிலாடுதுறைச் சாலையிலோ பயணம் செய்தவர்களுக்குக் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. அறுவடை இயந்திரம் ஏற்றிய லாரி, நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர், கொள்முதல் நிலையத்துக்கு வெளியே வரிசையில் நிற்கும் வண்டிகள், சாலையில் பாதியை அடைத்துக் காயும் நெல், இவற்றுக்கு நடுவே இருட்டில் இருசக்கர வாகனம். அடிபட்டவர் தார்ச்சாலையில் விழாமல், சாலையோரத்து வாய்க்காலிலோ வயலிலோ போய் விழுவதும் உண்டு. மருத்துவ நோக்கில் இந்த வேறுபாடு பெரியது. திறந்த முறிவுகளை வகைப்படுத்த உலகெங்கும் பயன்படும் கஸ்டிலோ–ஆண்டர்சன் முறை 1976-இல் வெளியாகி 1984-இல் விரிவாக்கப்பட்டது. விளைநில மண் கலந்த திறந்த முறிவை, தோலில் காயம் ஒரு சென்டிமீட்டர்தான் என்றாலும், கடுமையான மூன்றாம் வகையாகவே கொள்ள வேண்டும் என்பது அம்முறையைப் பின்பற்றுவோரின் விதி. சாணமும் தேங்கிய நீரும் கலந்த மண்ணில் காற்றில்லாச் சூழலில் வளரும் கிருமிகள் இருக்கும் என்பதே காரணம். வழக்கமான ஆன்டிபயாடிக்குகளோடு பென்சிலினையும் டெட்டனஸ் தடுப்பூசியையும் சேர்ப்பது அதனால்தான்.

இங்கே ஒரு கிருமியைத் தனியாகச் சொல்ல வேண்டும். மெலியாய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் பர்க்ஹோல்டேரியா வகைக் கிருமி ஈரமான வயல் மண்ணில் வாழ்வது. தமிழகத்திலும் இந்நோய் கண்டறியப்பட்டிருக்கிறது. நீரிழிவு உள்ளவர்களை அது அதிகம் தாக்கும். எலும்பிலும் மூட்டிலும் சீழ் பிடிக்கவைக்கும். எலும்புச் சீழுக்கு நாம் வழக்கமாக நம்பியிருக்கும் ஜென்டாமைசின் இதன்மீது பொதுவாக வேலை செய்யாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசியில் தொடங்கி, பிறகு பல மாதங்கள் மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும். வயலில் வேலை செய்யும், சர்க்கரை நோய் உள்ள ஒருவருக்கு எலும்புச் சீழ் ஆறாமல் திரும்பத் திரும்ப வந்தால், திசுவைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பும்போதே இந்தச் சந்தேகத்தை ஆய்வகத்துக்குச் சொல்லி அனுப்புவது நல்லது. கிருமி எதுவென்று தெரியாமல் எலும்பு ஒட்டு (இடைவெளியை நிரப்ப எடுத்துவைக்கும் எலும்பு) வைப்பது நம் மாவட்டங்களில் வீண் துணிச்சல் என்றே நான் கருதுகிறேன்.

கட்டு வைத்தியம் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேசலாம். புத்தூர்க் கட்டுக்கும் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டும் உள்ளூர் வைத்தியத்துக்கும் மக்களிடம் இருக்கும் நம்பிக்கை காரணமில்லாமல் வந்ததன்று. தோல் கிழியாத, இடம் விலகாத முறிவு எந்தக் கட்டிலும் பெரும்பாலும் கூடிவிடும். தொடை எலும்பு முறிவு அந்தக் கணக்கில் வராது. தோல் கிழியாவிட்டாலும் தொடைக்குள் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் இரத்தம் கசிந்து தேங்கக்கூடும். தோல் கிழிந்திருந்தாலோ, எண்ணெயும் பச்சிலையும் வைத்து இறுக்கிக் கட்டிய ஒவ்வொரு நாளும் கிருமிக்குக் கொடுத்த அவகாசம். சில வாரங்கள் கழித்துச் சீழோடு வருபவருக்கு, முதல் நாளே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய எலும்பைத்தான் மருத்துவர் வெட்டி எடுக்கிறார்.

இந்த வெட்டி எடுக்கும் வேலைதான் தொடரின் முதல் அறுவை. காயத்தை நிறைய உப்புநீரால் கழுவி, நிறம் மாறிய, கிள்ளினால் சுருங்காத, வெட்டினால் இரத்தம் வராத தசையையெல்லாம் மருத்துவர் அகற்றுகிறார். எலும்பிலும் அதே சோதனைதான். உளியால் செதுக்கும்போது வெட்டுமுகத்தில் பொட்டுப் பொட்டாக இரத்தம் துளிர்த்தால் அது உயிருள்ள எலும்பு. வெளுத்துக் காய்ந்து கிடந்தால் செத்தது. செத்த எலும்புக்குள் இரத்தம் போகாது, ஆகவே ஊசியில் ஏற்றும் மருந்தும் போகாது. அதன்மேல் கிருமிகள் படலமாகப் படிந்து ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே மூன்று சென்டிமீட்டர் இடைவெளியோடு அறுவை அரங்குக்குள் போனவர் ஏழு சென்டிமீட்டர் இடைவெளியோடு வெளியே வருவதுண்டு. 'இருந்த எலும்பையும் எடுத்துவிட்டார்கள்' என்று குடும்பம் கலங்கும் கட்டம் இதுதான். மருத்துவருக்கும் மனம் வராத வேலை இது. எலும்பைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசையில் செத்ததில் கொஞ்சம் விட்டுவைத்தால், பின்னால் வைக்கும் ஒட்டும் சேர்ந்தே அழுகும்.

மிகக் கடுமையான அடிகளில் காலைக் காப்பாற்ற முயல்வதா, எடுத்துவிடுவதா என்ற கேள்வியும் இந்தக் கட்டத்தில் எழும். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசேகரன், எஸ். ராஜா சபாபதி ஆகியோரின் குழு உருவாக்கி 2006-இல் வெளியிட்ட மதிப்பெண் முறை, தோல், எலும்பு, தசை ஆகியவற்றின் சேதத்தைத் தனித்தனியாக மதிப்பிட்டு, நோயாளியின் பொதுவான உடல்நிலைக்கும் எண் கொடுத்துக் கூட்டுகிறது. 14-க்குள் என்றால் காலைக் காப்பாற்றலாம், 17-ஐத் தொட்டால் எடுப்பதே மேல் என்பது அதன் வழிகாட்டல். அது கீழ்க்கால் எலும்பின் திறந்த முறிவுகளை வைத்து வகுக்கப்பட்டது என்றாலும், சேதத்தைப் பகுதி பகுதியாக எண்ணிப் பார்க்கும் அந்த ஒழுங்கு தொடைக்கும் உதவும்.

இப்போது எலும்பு ஒட்டுக்கு வருவோம். நோயாளியின் உடலிலிருந்தே, பெரும்பாலும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து, எடுக்கும் பஞ்சு போன்ற உள் எலும்பு இன்றைக்கும் மிகச் சிறந்த ஒட்டாகக் கருதப்படுகிறது. அது ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்கிறது. அதிலுள்ள உயிரணுக்களில் ஒரு பகுதி பிழைத்துத் தாமே எலும்பை உண்டாக்குகின்றன. அதன் புரதங்கள் சுற்றியுள்ள திசுவிலிருந்து வரும் முதிரா உயிரணுக்களை எலும்பு உயிரணுக்களாக மாறத் தூண்டுகின்றன. அதன் துளைகள் நிறைந்த அமைப்பு புதிய இரத்தக் குழாய்கள் ஏறிப் படரச் சாரமாக நிற்கிறது. இரண்டாவதாகச் சொன்ன தூண்டுதலை 1965-இல் மார்ஷல் யூரிஸ்ட் நிறுவினார். தாது நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தபோது, எலும்பே இருக்கக்கூடாத அந்த இடத்தில் புதிதாக எலும்பு உண்டானதை அவர் காட்டினார். எலும்பு ஒட்டு வைக்கும் பழக்கம் அதற்கும் வெகுகாலம் முந்தியது. கிளாஸ்கோவில் வில்லியம் மெக்வென் 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சீழினால் மேல்கை எலும்பை இழந்த ஒரு சிறுவனுக்கு, கால் வளைவைத் திருத்த வேறு பிள்ளைகளிடமிருந்து வெட்டி எடுத்த எலும்புத் துண்டுகளை வைத்துக் கையைத் திரும்பப் பயன்பட வைத்தார். பலன் தெரிந்த பிறகும் காரணம் விளங்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

வைத்த எலும்பு வைத்தபடியே நிலைத்துவிடுவதில்லை. உடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, கரைத்த இடத்தில் தன் புதிய எலும்பை வைக்கிறது. பஞ்சு எலும்பில் இது வாரங்களில் தொடங்கிவிடும். கெட்டியான வெளி எலும்பில் ஆண்டுக்கணக்காகும், நடுவில் அந்த எலும்பு முன்பைவிடப் பலவீனமாகவும் இருக்கும். இதற்கெல்லாம் சுற்றிலும் இரத்த ஓட்டம் வேண்டும், அசைவு இருக்கக் கூடாது, கிருமி இருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் உடல் கரைப்பதோடு நின்றுவிடும். ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரே எடுக்கும்போது வைத்த எலும்பையே காணோம் என்று திகைப்பது இதனால்தான்.

அடுத்த சிக்கல் கணக்கு சார்ந்தது. தொடை எலும்பின் நடுப்பகுதியை மூன்று சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை என்று கொண்டால், பத்து சென்டிமீட்டர் இடைவெளியை நிரப்ப ஏறத்தாழ 70 கன சென்டிமீட்டர் எலும்பு தேவை. உள்ளே ராடு இருந்தால் அது அடைக்கும் எட்டு, பத்து கன சென்டிமீட்டரைக் கழித்துக்கொள்ளலாம். இடுப்பெலும்பின் முன்பக்கத்தில் ஒரு புறத்திலிருந்து கிடைப்பதோ பெரும்பாலும் 20, 30 கன சென்டிமீட்டர்தான். இரு புறமும் எடுத்தாலும் போதாமல் போகலாம். எடுத்த இடத்தின் வலி பல மாதம் நீடிக்கலாம், தொடையின் வெளிப்பக்கத்தில் மரத்துப்போகலாம். பற்றாக்குறையை ஈடுசெய்ய மற்றொரு தொடை எலும்பின் உட்குழலைச் சீவி, நீர் பாய்ச்சி, உறிஞ்சி எடுக்கும் கருவி இருக்கிறது; அது ஒரே முறையில் 40 முதல் 90 கன சென்டிமீட்டர் வரை தரக்கூடியது, ஆனால் விலை அதிகம், இரத்த இழப்பும் உண்டு. கால்சியம் பாஸ்பேட், ஹைட்ராக்ஸிஅபடைட் போன்ற செயற்கைத் துகள்களைக் கலந்து அளவைக் கூட்டலாம். அவை சாரமாக நிற்குமே தவிர, உயிரணுவோ தூண்டுதலோ தராது. பெரிய இடைவெளியை அவற்றை மட்டும் வைத்து நிரப்பி நல்ல பலன் எதிர்பார்ப்பதற்கில்லை. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதைப் பார்த்து எலும்பு வந்துவிட்டது என்று ஏமாறவும் அவை இடம் கொடுக்கும்.

சுமார் நான்கைந்து சென்டிமீட்டர் வரையான இடைவெளிக்கு, சுத்தமான இடமும் உறுதியான ராடோ பிளேட்டோ இருந்தால், இடுப்பெலும்பு ஒட்டு நேரடியாகப் போதும். அதற்கு மேல் போனால், வெறும் ஒட்டை மட்டும் அடைத்துவைத்தால் அது கரைந்துபோகும் வாய்ப்பே அதிகம். இங்குதான் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அலன் மாஸ்கலே 1980-களில் கண்டறிந்த இரண்டு கட்ட முறை வருகிறது. முதல் அறுவையில் செத்த எலும்பை அகற்றி, எலும்பை உலோகத்தால் நிலைப்படுத்தி, இடைவெளியை ஆன்டிபயாடிக் கலந்த எலும்பு சிமென்ட்டால் (எலும்பு அறுவையில் பயன்படும், இறுகிக் கெட்டியாகும் பசை) நிரப்புகிறார்கள். இறுகும்போது இந்தச் சிமென்ட் மிகவும் சூடாகும். அதனால் இறுகி முடியும்வரை குளிர்ந்த உப்புநீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். சிமென்ட் எலும்பின் வெட்டுமுனைகள் மேலும் சற்றே கவிந்திருக்க வேண்டும். பிறகு ஆறு முதல் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும்.

அந்த வாரங்களில் உடல், அன்னியப் பொருளைச் சூழ்ந்துகொள்ளும் தன் இயல்புப்படி, சிமென்ட்டைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு சவ்வை நெய்கிறது. முதலில் இதை ஒரு வேலி என்றுதான் நினைத்தார்கள்; உள்ளே வைக்கும் ஒட்டைச் சுற்றியுள்ள தசை அரித்துவிடாமல் காக்கும் என்ற அளவில். பிந்தைய ஆய்வுகளில் அந்தச் சவ்வு இரத்தக் குழாய்கள் நிறைந்தது என்பதும், குழாய்களையும் எலும்பையும் வளரத் தூண்டும் புரதங்களைச் சுரக்கிறது என்பதும் தெரியவந்தன. இரண்டாம் அறுவையில் சவ்வைக் கவனமாகக் கீறி, சிமென்ட்டை உடைத்து எடுத்து, சவ்வு அமைத்த பைக்குள் பஞ்சு எலும்புத் துணுக்குகளைத் தளர்வாக நிரப்பித் தைத்துவிடுகிறார்கள். இடைவெளி எவ்வளவு நீளமாயிருந்தாலும், பைக்குள்ளிருக்கும் ஒட்டு ஏறத்தாழ ஒரே வேகத்தில் எலும்பாவது இந்த முறையின் சிறப்பு. இரண்டு அறுவைக்கும் நடுவில் சீழ் திரும்ப வந்தால், ஒட்டை இழக்காமல், மீண்டும் சுத்தம் செய்து சிமென்ட்டை மாற்றிவைக்கலாம். சேற்றுக் காயங்கள் மிகுந்த நம் பகுதிக்கு இந்த இரண்டாம் வாய்ப்பு மிகப் பெரிய நன்மை. எளிய கருவிகளைக் கொண்டே செய்யக்கூடியது என்பதால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் எட்டக்கூடியது.

ஒரு பலவீனமும் உண்டு. சிமென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியவர் ஓரளவு வலியின்றி இருப்பார், கால் நேராக இருக்கும், காயம் ஆறியிருக்கும். நடவோ அறுவடையோ வந்துவிட்டால் "இப்போதைக்கு நன்றாகத்தானே இருக்கிறது" என்று இரண்டாம் அறுவைக்கு வராமலே இருந்துவிடுவார்கள். அந்தச் சிமென்ட் எலும்பாக மாறப்போவதில்லை. சவ்வின் வீரியம் குறைகிறது, பிளேட் களைக்கிறது. ஒருநாள் பிளேட் முறிந்து திரும்பி வரும்போது தொடரை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

வெளியிலிருந்து எலும்பு கொண்டுவந்து வைக்காமல், இருக்கும் எலும்பையே வளர்த்து இடைவெளியைக் கடக்கும் வழியைக் காட்டியவர் மேற்குச் சைபீரியாவின் குர்கான் நகரத்து மருத்துவர் கவ்ரீல் இலிசாரோவ். 1950-களில், இரண்டாம் உலகப்போரில் கால் சிதைந்தவர்கள் ஊரெங்கும் இருந்த நாளில், அவர் எலும்பைச் சுற்றி வளையங்களும் கம்பிகளும் கொண்ட சட்டம் ஒன்றை உருவாக்கினார். நல்ல பகுதியில் எலும்பைக் கவனமாக வெட்டி, ஐந்து முதல் ஏழு நாள் விட்டு, பிறகு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற வேகத்தில், அதையும் கால் மில்லிமீட்டராக நான்கு தவணையில், திருகி நகர்த்தினால், வெட்டிய துண்டு இடைவெளியை நோக்கி ஊர்ந்து செல்லும். அது விட்டுச்சென்ற தடத்தில் புதிய எலும்பு உருவாகும். வேகம் கூடினால் தடத்தில் எலும்பு வராது. குறைந்தால் முன்னரே கூடிப்போய் நகர மறுக்கும். மேற்கு நாடுகள் இதை நம்பத் தொடங்கியது, இத்தாலிய மலையேற்ற வீரர் கார்லோ மௌரி பல ஆண்டுகள் ஆறாதிருந்த தன் காலைக் குர்கானில் 1980-இல் சரிசெய்துகொண்டு ஊர் திரும்பிய பிறகுதான்.

எட்டு சென்டிமீட்டர் இடைவெளியை இம்முறையில் கடக்க நகர்த்தலுக்கே 80 நாள். புதிய எலும்பு இறுகுவதற்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். எல்லாம் சேர்ந்து ஓராண்டை நெருங்கும். தொடையில் முழு வளையங்கள் மாட்டினால் உட்காரவும் புரண்டு படுக்கவும் பெரும் சிரமம். அதனால் இந்தியாவில் தொடைக்குப் பெரும்பாலும் வெளிப்பக்கத்தில் மட்டும் பொருத்தும் ஒற்றைத் தண்டுச் சட்டமான ரெயில் ஃபிக்ஸேட்டரைப் பயன்படுத்துகிறார்கள். நகர்ந்து வந்த துண்டு மறுமுனையைத் தொடும் இடத்தில் பல சமயம் எலும்பு கூடாமல், அங்கே சிறிதளவு இடுப்பெலும்பு ஒட்டு வைக்க வேண்டியிருக்கும். அதாவது இந்த வழியில் போனாலும் ஒட்டு அறவே தவிர்ந்துவிடுவதில்லை. திருகைத் திருகுவது மருத்துவர் அல்லர், நோயாளியோ வீட்டாரோதான். கம்பி தோலுக்குள் நுழையும் ஒவ்வோர் இடத்தையும் நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும். வாய்க்கால், குளத்துக் குளியலை அந்த ஓராண்டு மறந்துவிட வேண்டும். வேதாரண்யம் பக்கத்திலிருந்தோ முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்தோ குறித்த இடைவெளியில் தஞ்சாவூருக்கு வந்து எக்ஸ்ரே எடுத்துக் காட்ட முடியாதவருக்கு இம்முறையைப் பரிந்துரைப்பதற்கு முன் மருத்துவர் இருமுறை யோசிப்பார், யோசிக்கவும் வேண்டும்.

மூன்றாவது வழி, எலும்பை அதன் இரத்தக் குழாய்களோடு பெயர்த்து வைப்பது. கீழ்க்காலில் வெளிப்பக்கமாக இருக்கும் ஃபிபுலா என்ற மெல்லிய எலும்பு நம் எடையில் சிறு பங்கையே தாங்குகிறது. கணுக்காலை ஒட்டிய ஆறேழு சென்டிமீட்டரை விட்டுவைத்துவிட்டு மீதியில் பெரும்பகுதியை எடுத்தாலும் நடக்க முடியும். மெல்போர்னில் இயன் டெய்லர் 1975-இல் இதைத் தமனி, சிரையோடு எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் புதிய இடத்தின் குழாய்களோடு இணைத்துக் காட்டினார். உயிரோடு வந்து சேரும் எலும்பு என்பதால், சீழ் கண்ட இடத்திலும் கதிர்வீச்சு பெற்ற இடத்திலும்கூட அது சாதாரண முறிவைப்போலக் கூடும். தொடைக்கு வரும்போது அதன் பருமன்தான் குறை. ஒற்றை ஃபிபுலா தொடைப் பாரத்தைத் தாங்கித் தடிக்க ஓராண்டு, ஈராண்டு ஆகும். அதற்குள் முறிவதும் உண்டு. இரண்டாக மடித்து வைத்தால் வலு கூடும், நீளம் பாதியாகும். பல மணி நேரம் நீளும் இந்த அறுவைக்கு நுண்குழாய் அறுவைப் பயிற்சி பெற்ற குழு வேண்டும். அதற்காகச் சென்னை, வேலூர், கோயம்புத்தூர் என்று போக வேண்டியிருக்கலாம்.

பிறர் எலும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடுப்பு மாற்று அறுவையில் அகற்றிய பந்துமுனைகளும், இறந்தவர் கொடையாகத் தந்த எலும்புகளும் திசு வங்கிகளில் பதப்படுத்திச் சேமிக்கப்படுகின்றன. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988 முதல் இயங்குகிறது. அங்கே காமாக் கதிரால் கிருமி நீக்குகிறார்கள். உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல் வந்தபோது உறுப்புகளைப் பற்றியே பேசியது. 2011-இன் திருத்தம் திசுக்களையும் அதற்குள் கொண்டுவந்தது. புற்றுநோய்க்காகத் தொடை எலும்பின் பெரும்பகுதியை எடுத்த இடத்தில் இத்தகைய முழு நீளக் கொடை எலும்பை வைக்கலாம். ஆனால் அதன் இரு முனைகள்தான் நோயாளியின் எலும்போடு கூடும். நடுப்பகுதி நெடுங்காலம் உயிரற்றே இருக்கும். பாஸ்டனில் ஹென்றி மேன்கின் குழு 1996-இல் வெளியிட்ட 718 பேரின் கணக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கொடை எலும்பு பின்னாளில் முறிந்தது. பத்தில் ஒருவருக்குச் சீழ் பிடித்தது. இத்தாலியின் ரோடோல்ஃபோ கபன்னா கொடை எலும்பின் குழலுக்குள் உயிருள்ள ஃபிபுலாவைச் செருகி வைத்தது இந்தக் குறையைப் போக்கவே. நம் நாட்டில் புற்று எலும்பையே வெளியே எடுத்து, அதிக அளவு கதிர்வீச்சால் புற்றணுக்களைக் கொன்று, அதே இடத்தில் திரும்பப் பொருத்துவதும் நடைமுறையில் இருக்கிறது. அளவு பொருந்தாமல் போகும் தொல்லை அதில் இல்லை.

எந்த வழியானாலும் நோயாளியின் உடல் ஒத்துழைக்க வேண்டும். புகையிலும் புகையிலையிலும் உள்ள நிகோடின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கும். பீடியை விடாதவருக்கு எலும்பு கூடுவது தாமதமாகும், கூடாமலே போவதும் அதிகம். சர்க்கரை கட்டுக்குள் வராமல் ஒட்டு வைக்கும் தேதியைக் குறிப்பதில் பொருளில்லை. நாள் முழுதும் வெயிலில் உழைப்பவருக்கு வைட்டமின் டி குறையாது என்று எண்ணிவிடவும் கூடாது. மாதக்கணக்காக வீட்டுக்குள் படுத்திருப்பவர் அவர்.

செலவைப் பொறுத்தவரை, 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ஏற்கிறது. முதல் சுத்திகரிப்பும், எலும்பை வெளியிலிருந்து பிடித்துவைக்கும் சட்டமும் அதற்குள் அடங்கும். எலும்பு ஒட்டு அடங்காது, அது மாதங்கள் கழித்து வருவது. பிந்தைய அறுவைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நாட வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு அது உரியது. விபத்து நடந்த வாரத்திலேயே காப்பீட்டு அட்டை இருக்கிறதா, பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது, இரண்டாம் அறுவைத் தேதியில் வருமானச் சான்றிதழுக்கு அலைவதைத் தவிர்க்கும். பணத்தைவிடக் கடினமானது கூலி இழப்பு. குறுவையில் அடிபட்டவர் அடுத்த ஆண்டுச் சம்பாவுக்குத்தான் வயலில் இறங்க முடியும் என்பதை முதல் வாரத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுவது நேர்மை.

எலும்பு கூடிவிட்டதா என்பதை இரு கோணத்து எக்ஸ்ரேயில் பார்க்கிறார்கள். எலும்புச் சுவரின் நான்கு பக்கங்களில் மூன்றிலாவது புதிய எலும்பு தொடர்ச்சியாகப் பாலம் போட்டிருந்தால் முழு எடையை ஊன்ற அனுமதிப்பார்கள். அதற்குள் பெரும்பாலானவர்களுக்கு முழங்கால் இறுகிப்போயிருக்கும். தொடையின் முன்தசை காயத்தாலும் கம்பிகளாலும் எலும்போடு ஒட்டிக்கொள்வதே காரணம். தரையில் சம்மணமிட்டு உட்காரவும், குந்தவும் முழங்கால் 90 பாகைக்கு மேல் நன்றாக மடங்கியாக வேண்டும். நாற்காலி வாழ்க்கைக்குப் போதுமான மடக்கு இங்கே போதாது. ஆகவே உலோகம் உறுதியாகப் பிடித்திருக்கிறது என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்தே, ஒட்டு வைப்பதற்கு முன்னாலும், முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சி தொடர வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். பயிற்சிக்கும் இணங்காத இறுக்கத்துக்கு, ஒட்டிய தசையை எலும்பிலிருந்து விடுவிக்கும் அறுவை உண்டு. வைத்த எலும்பு முழுமையாக இறுகிய பிறகே மருத்துவர்கள் அதைச் செய்வார்கள். அதற்கு முன் முழங்காலை வலிந்து மடக்கினால், மடங்குவது ஒட்டு வைத்த இடமாக இருந்துவிடக்கூடும்.